பழைய டிராக்டர் அடிக்கடி மக்கர் செய்கிறதா? வயதைப் பார்க்காதீர்கள், கணக்கைப் பாருங்கள்!

கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்துவிட்டால், கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பகுதி மானாவாரி நிலங்களில் உழவுக்கு ஏற்ற ஈரம் சில நாள்கள்தான் நிற்கும். அந்த நாள் பார்த்துத்தான் பழைய டிராக்டர் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும். மெக்கானிக்குக்குப் போன் செய்தால், ‘நாலு வண்டி நிக்குது, நாளைக்கு வரேன்’ என்பார். அதற்குள் ஈரம் போய்விடும்.

கரும்புக்கும் இதே கதைதான். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு அனுப்பும் விவசாயிகளுக்கு, வெட்டு உத்தரவு வந்த பிறகு வண்டி படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வெட்டிப்போட்ட கரும்பு வெயிலில் கிடக்கக் கிடக்க எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். மரவள்ளி இன்னும் மோசம். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளிலேயே உள்ளே நிறம் மாறத் தொடங்கிவிடும். மாவுச்சத்து குறைந்து விலையும் இறங்கும்.

நம் வீடுகளில் டிராக்டர் என்பது வெறும் உழவு இயந்திரம் இல்லை. குடும்ப வண்டியும் அதுதான். அப்பா வாங்கியது, அண்ணன் தம்பி பாகப்பிரிவினையிலும் விற்காமல் வைத்துக்கொண்டது, மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளோடு சேர்த்துப் பொட்டு வைப்பது. அதனால்தான் ‘வித்துத் தொலைக்கலாம்’ என்று மகன் சொல்லும்போது அப்பாவுக்கு மனம் ஒப்புவதில்லை. ‘இன்னும் பத்து வருஷம் ஓடும்’ என்று அப்பா சொல்லும்போது மகனுக்கு எரிச்சல் வருகிறது. இருவரில் யார் சொல்வது சரி? வண்டியின் வயதை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. கணக்கை வைத்துச் சொல்லலாம். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது, அதற்கு முன் வண்டி நிற்பதை எப்படிக் குறைப்பது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

வயது ஆண்டில் இல்லை, மணியில்

வேளாண் பொறியியல் கணக்குகளில் ஒரு டிராக்டரின் ஆயுளைப் பொதுவாக 10,000 மணி நேரம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆண்டுக்கு 1,000 மணி நேரம் ஓடினால் 10 ஆண்டு. வாடகைக்கு ஓட்டுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். சொந்த நிலத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் மட்டும் ஓட்டும் குடும்பத்தில் ஆண்டுக்கு 300 மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் 10,000 மணியைத் தொட 33 ஆண்டுகள் ஆகும். எனவே 20 வயது டிராக்டர் என்றாலே கிழடு என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

பழைய வண்டிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகை விதிகள் வந்துவிட்டன. அதனால் அவற்றில் எலெக்ட்ரானிக் கட்டுப்பாடுகள் கூடியுள்ளன. பழைய 35, 40 குதிரைத்திறன் வண்டிகளில் பம்பு, நாசில், கவர்னர் எல்லாமே மெக்கானிக்கல். ஸ்பேனரோடு வருகிற உள்ளூர் மெக்கானிக்கே கழற்றிப் பார்த்துவிடலாம்.

அப்படியானால் ஏன் அடிக்கடி நிற்கிறது? ஓடுகிற வரை யாரும் வண்டியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நின்றபின் அவசரத்தில் பார்க்கிறோம். அவசரத்தில் பார்க்கும்போது காரணத்தைத் தேட நேரம் இருப்பதில்லை; கைக்குக் கிடைத்த பாகத்தை மாற்றிவிட்டு வயலுக்கு ஓடுகிறோம். மூல காரணம் அப்படியே இருப்பதால் அடுத்த மாதம் அதே கோளாறு திரும்பி வருகிறது.

ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் இரண்டாகப் பிரியுங்கள்

‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்பது இரண்டு வெவ்வேறு கோளாறுகளுக்கு ஒரே பெயர். செல்ஃப் சுற்றவே இல்லை என்றால் அது மின்சாரக் கோளாறு. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் டீசல் அல்லது காற்று சம்பந்தப்பட்டது. இந்த ஒரு விவரத்தைப் போனிலேயே சரியாகச் சொன்னால், மெக்கானிக் தேவையான பொருளோடு வருவார். ஒரு நடை மிச்சம்.

செல்ஃப் சுற்றவில்லை என்றால், ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள்.

• லைட் மிகவும் மங்கிப்போனால்: பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் பிடிப்பு சரியில்லை. முதலில் டெர்மினலைக் கழற்றி, வெந்நீர் ஊற்றிப் பச்சைப் பூப்பைக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கமாகப் பூட்டுங்கள். மேலே வாசலின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்ட வேண்டும்.

• லைட் மங்காமல் பிரகாசமாக எரிந்து, செல்ஃபில் சத்தமே வரவில்லை என்றால்: சாவி சுவிட்ச், சாலினாய்டு, கிளட்ச் அல்லது கியர் நியூட்ரலில் உள்ள பாதுகாப்பு சுவிட்ச் இவற்றில் கோளாறு. பேட்டரியை மாற்றிப் பயனில்லை.

• பாடி எர்த் வயரை மறக்காதீர்கள். பேட்டரியிலிருந்து சேஸிஸுக்குப் போகும் அந்தத் தடித்த வயரின் போல்ட் துருப்பிடித்திருந்தால் புது பேட்டரி போட்டாலும் செல்ஃப் இழுக்காது.

சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருங்கள். இரவு முழுக்க நிறுத்தி வைத்த 12 வோல்ட் பேட்டரியில் காலையில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.0 வோல்ட்டும் அதற்குக் கீழும் இருந்தால் சார்ஜ் இறங்கிவிட்டது. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் குற்றம் பேட்டரியின் மேல் இல்லை. டைனமோ, ரெகுலேட்டர், ஃபேன் பெல்ட் இவற்றைப் பார்க்க வேண்டும். ஒரே ஆண்டில் இரண்டு பேட்டரி மாற்றியும் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யும் வீடுகளில், பெரும்பாலும் யாரும் இந்த ஒரு அளவை எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

செல்ஃபைத் தொடர்ந்து 10 விநாடிக்கு மேல் சுற்ற விடாதீர்கள். ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மீண்டும் முயலுங்கள். இல்லாவிட்டால் பேட்டரியோடு செல்ஃப் மோட்டாரும் சேர்ந்து போகும்.

ஏர் லாக்: எடுப்பதும், மீண்டும் வராமல் தடுப்பதும்

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் என்ஜின் பிடிக்கவில்லை. சைலன்சரில் புகையே வரவில்லை. அப்படியானால் நாசிலுக்கு டீசல் போகவில்லை என்று பொருள். டேங்கை வறட்டிவிட்டு மீண்டும் டீசல் ஊற்றிய பிறகும், ஃபில்டர் மாற்றிய பிறகும் குழாயில் காற்று நிற்கும். ஏர் எடுக்கும் முறை இதுதான்.

1. டேங்கில் போதுமான டீசல் இருக்கிறதா, டேங்க் டேப் திறந்திருக்கிறதா, மூடியில் உள்ள காற்றுத்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

2. கண்ணாடிக் கிண்ணம் உள்ள வண்டியானால் அதைக் கழற்றி, அடியில் உள்ள தண்ணீரையும் வண்டலையும் கொட்டித் துடையுங்கள்.

3. முதல் ஃபில்டரின் மேல் உள்ள ஏர் ஸ்குரூவை இரண்டு சுற்று தளர்த்தி, ஃபீட் பம்பின் கை லீவரை அடியுங்கள். முதலில் நுரையாக வரும். குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை அடித்து, லீவர் அழுத்தத்தில் இருக்கும்போதே ஸ்குரூவை இறுக்குங்கள்.

4. இரண்டாவது ஃபில்டரிலும், அடுத்து டீசல் பம்பில் உள்ள ஏர் ஸ்குரூவிலும் இதையே செய்யுங்கள்.

5. அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் நாசில் பைப் நட்டுகளைச் சற்றே தளர்த்திச் செல்ஃப் அடிக்க வேண்டும். இதை அனுபவம் உள்ளவர் செய்வது நல்லது. நாசில் பக்கம் டீசல் மிக உயர்ந்த அழுத்தத்தில் வரும். தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். கசிவு இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்க்கவே கூடாது. ஓர் அட்டையைப் பிடித்துப் பாருங்கள். தப்பித்தவறி டீசல் தோலைத் துளைத்துவிட்டால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வாரத்துக்கு ஒருமுறை ஏர் எடுக்க வேண்டியிருக்கிறது என்றால், டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில் எங்கோ காற்று உள்ளே இழுக்கிறது. இந்தப் பகுதியில் பம்பு டீசலை உறிஞ்சுகிறது. எனவே சிறு விரிசல் இருந்தால் டீசல் வெளியே சொட்டாமலேயே காற்று உள்ளே போகும். பார்க்க எல்லாம் காய்ந்து சுத்தமாகத்தான் இருக்கும். கெட்டிப்பட்ட ரப்பர் ஹோஸ், பலமுறை கழற்றி மாட்டிய செம்பு வாஷர், தளர்ந்த கிளாம்ப் ஆகிய மூன்றையும் ஒரேயடியாகப் புதிதாக மாற்றிவிடுங்கள். நாசிலுக்கும் பம்புக்கும் செய்யும் செலவோடு ஒப்பிட்டால் இது டீக்காசு.

டேங்கை இரவில் காலியாக விட்டு நிறுத்துவதும் ஒரு பெரிய காரணம். காலி இடத்தில் உள்ள காற்றின் ஈரம் இரவுக் குளிரில் வியர்த்து டீசலில் சேரும். கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் போன்ற குளிர்ந்த ஊர்களில் இது அதிகம். வேலை முடிந்து மாலையிலேயே டேங்கை நிரப்புங்கள். கேனிலோ டிரம்மிலோ டீசல் வைத்திருந்தால் அடியில் நான்கு விரல் அளவு டீசலை அப்படியே விட்டுவிட்டு, மேலே உள்ளதை மட்டும் வடிகட்டி ஊற்றுங்கள்.

புகையும் ஆயிலும் சொல்லும் செய்தி

நாடி பார்ப்பது போல, பழைய என்ஜினைப் புகையைப் பார்த்தே ஓரளவு கணிக்கலாம்.

• கறுப்புப் புகை: டீசல் கூடுதல், அல்லது காற்று போதவில்லை. முதலில் ஏர் கிளீனரைக் கழற்றிப் பாருங்கள். அதன் பிறகுதான் நாசில். வண்டியின் சக்திக்கு மீறிய ரோட்டவேட்டரை மாட்டினாலும் கறுப்பாகத்தான் புகை வரும்.

• நீலப் புகை: ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கும். ஆயில் குறைவதை எழுதி வாருங்கள். ஒரு நாளைக்கு அரை லிட்டர், முக்கால் லிட்டர் என்று கூடிக்கொண்டே போனால் என்ஜின் வேலைக்கு நாள் குறிக்க வேண்டியதுதான்.

• வெள்ளைப் புகை: காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் வந்து நின்றால் பயம் இல்லை. சூடான பிறகும் வந்துகொண்டிருந்தால் நாசில், பம்பு டைமிங், கம்ப்ரஷன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அதோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

ஆயில் குச்சியைத் தினமும் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் எடுத்துப் பாருங்கள். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்து டீசல் வாடை அடித்தால், டீசல் உள்ளே இறங்குகிறது. இரண்டு நிலையிலும் என்ஜினை ஓட்டாதீர்கள். ‘இந்த ஒரு கொல்லையை முடித்துவிட்டுப் பார்க்கலாம்’ என்ற ஒரு மணி நேர ஓட்டம் பேரிங்கையும் கிராங்கையும் சேர்த்துத் தின்றுவிடும். ஓடும்போது ஆயில் லைட் எரிந்தாலும் அப்படித்தான். அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

தூசியும் உப்புத் தண்ணீரும்

நம் மாவட்டத்தில் பழைய என்ஜின்களை வயதைவிட வேகமாகத் தின்பவை இவை இரண்டும். செம்மண் காட்டில் ரோட்டவேட்டர் ஓட்டும்போதும், மக்காச்சோளம் அடிக்கும்போதும் கிளம்பும் தூசி சாதாரணமானது அல்ல. ஏர் கிளீனரில் இருக்கும் ஆயில்தான் அந்தத் தூசியைப் பிடிக்கிறது. தூசி வேலை நடக்கும் நாள்களில் தினமும் அதைக் கழற்றிப் பாருங்கள். கிண்ணத்தின் அடியில் சேறு போல ஒரு சென்டிமீட்டர் சேர்ந்திருந்தால் கொட்டிக் கழுவிப் புது ஆயில் ஊற்றுங்கள். குறியிட்ட அளவுக்கு மேல் ஊற்ற வேண்டாம். ஏர் கிளீனரிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸில் ஒரு விரிசல் இருந்தால் போதும், தூசி நேரே சிலிண்டருக்குப் போய் ரிங்கைத் தேய்த்துவிடும்.

அடுத்து ரேடியேட்டர். உப்பு அதிகமான போர்வெல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால், வீட்டில் வெந்நீர்ப் பானையின் அடியில் படிவது போலவே உள்ளே வெள்ளையாகப் படியும். தண்ணீர் நிறைய இருந்தும் வண்டி சூடேறுவது இதனால்தான். ஒருமுறை முழுவதும் கழுவிவிட்டு, கூலன்ட் கலந்து வைப்பதே நல்லது. முடியாதபோது மழைத்தண்ணீரோ சுத்திகரித்த தண்ணீரோ ஊற்றலாம். ரேடியேட்டரின் வெளிப்பக்கச் செதில்களில் கரும்புச் சோகைத் தூளும் சோளத் தவிடும் அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் காற்றோ தண்ணீரோ அடித்துச் சுத்தம் செய்யுங்கள். ஃபேன் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் தொளதொளவென்று இருந்தால் சூடேறுவதும் சார்ஜ் ஏறாததும் சேர்ந்தே வரும். சூடான என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

மலையில் பிரேக் என்பது உயிர்

சமவெளியில் வண்டி நின்றுபோனால் வேலை கெடும். கல்வராயன் மலையில் வண்டி நிற்காமல் போனால்தான் ஆபத்து. மலைக் கிராமங்களிலிருந்து மரவள்ளியும் மக்காச்சோளமும் ஏற்றிக்கொண்டு கச்சிராயபாளையம் பக்கம் இறங்கும் பழைய டிராக்டர், ஜீப், பிக்கப் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

• டிராக்டரில் இடது, வலது என்று இரண்டு பிரேக் பெடல் இருப்பது வயலில் திரும்புவதற்கு. ரோட்டில் ஏறும்போது இரண்டையும் இணைக்கும் கொக்கியைப் போட்டே ஆக வேண்டும். பழைய வண்டிகளில் இந்தக் கொக்கி உடைந்து காணாமல் போயிருக்கும். முதல் வேலையாக அதை மாட்டுங்கள். ஒரு பக்க பிரேக் மட்டும் பிடித்தால் வண்டி பள்ளத்தின் பக்கம் இழுக்கும்.

• சமதளமான காலி இடத்தில் மெதுவாக ஓட்டி பிரேக் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கமாக இழுத்தால் இரு சக்கர பிரேக்கும் சமமாக இல்லை. சரிசெய்யாமல் மலை ஏற வேண்டாம். சேற்றுழவு ஓட்டிய பிறகு பிரேக்குக்குள் சேறும் தண்ணீரும் போயிருக்கலாம் என்பதால் அப்போதும் சோதித்துப் பாருங்கள்.

• இறக்கம் தொடங்குவதற்கு முன்பே குறைந்த கியருக்கு மாறுங்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குவது பழைய ஓட்டுநர்களின் வழக்கம், அதுவே சரி. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதும், கிளட்சை மிதித்தபடி இறங்குவதும் தற்கொலைக்குச் சமம். என்ஜினின் பிடிமானம் போய், மொத்தப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். சூடேறிய பிரேக் பிடிக்காது.

• நம் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது. இறக்கத்தில் டிரெய்லர் பின்னாலிருந்து டிராக்டரைத் தள்ளும். சமவெளியில் ஏற்றும் பாரத்தை மலையில் ஏற்றாதீர்கள். பாரத்தின் மேல் ஆள்களை ஏற்றுவது எங்கேயும் கூடாது. மலையில் கூடவே கூடாது.

• ஜீப், பிக்கப் வண்டிகளில் உள்ள பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்த பிரேக் ஆயில் தொடர் இறக்கத்தில் கொதித்துவிடும். பெடல் வெறுமனே தரைவரை போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதுமாக மாற்றுங்கள். குறைந்தபோது மேலே ஊற்றிச் சமாளிப்பது போதாது. ஆயில் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

செலவைத் தள்ளிப்போட வேண்டியிருந்தால் பெயின்ட்டைத் தள்ளிப்போடுங்கள், சீட்டைத் தள்ளிப்போடுங்கள். பிரேக், ஸ்டீயரிங், டயர், பின்பக்க விளக்கு, டிரெய்லரின் சிவப்பு ரிஃப்ளெக்டர் இந்த ஐந்தையும் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்

பழைய வண்டிகளில் மணி மீட்டர் பெரும்பாலும் வேலை செய்யாது. அதனால் ஆயில் மாற்றும் நேரம் வந்ததா என்று தெரிவதில்லை. இதற்கு எளிய வழி, டீசலைக் கணக்கு வைப்பது. 35 முதல் 40 குதிரைத்திறன் வண்டி பலவித வேலைகளிலும் சேர்த்து மணிக்குச் சராசரியாக 3 முதல் 4 லிட்டர் டீசல் குடிக்கும். 250 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டிய வண்டி என்றால், 750 முதல் 1,000 லிட்டர் டீசலுக்கு ஒருமுறை என்று கொள்ளலாம். தேய்ந்த என்ஜினுக்கு 750 லிட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது. ஆயிலோடு ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றை வண்டிச் சாவி மாட்டும் ஆணியிலேயே தொங்கவிடுங்கள். தேதி, செய்த வேலை, ஊற்றிய டீசல், சேர்த்த ஆயில், வந்த கோளாறு, மாற்றிய பாகம், செலவு, வண்டி நின்ற நாள்கள் என எட்டு விவரம் போதும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள்; அவர்கள் விடாமல் எழுதுவார்கள்.

மூன்று மாதத்தில் இந்த நோட்டு பேசத் தொடங்கும். ஒரே கோளாறு மூன்று முறை வந்திருந்தால், மாற்றிய பாகம் காரணம் இல்லை என்று தெரிந்துவிடும். கிளட்ச் பிளேட் ஒரு வருடம்கூட நிற்கவில்லை என்றால், ஓட்டுபவர் பெடலின் மேல் காலை வைத்தபடியே ஓட்டுகிறாரா, பெடலில் விளையாட்டு அளவு இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றும். மெக்கானிக் மாறினாலும் வண்டியின் வரலாறு கையில் இருக்கும். அவரிடம் வேலை கொடுக்கும்போது, ‘எல்லாத்தையும் மாத்திடுங்க’ என்று சொல்லாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, அடுத்ததற்குப் போகச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஃபில்டர், பேரிங், ஆயில் சீல் இவற்றில் போலிகள் அதிகம் என்பதால் பில்லோடு வாங்குங்கள்.

சோதனைக்கு இரண்டு நாள்

ஆயுத பூஜைக்கு எப்படியும் வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கிறோம். அந்த வாரத்தையே முதல் சோதனை வாரமாக வைத்துக்கொள்ளுங்கள். கரும்பு ஓட்டம் தொடங்குவதற்கு முன் பிரேக், டயர், டிரெய்லர் கொக்கி, விளக்குகள், பேட்டரி ஆகியவற்றைப் பார்த்துவிடலாம். இரண்டாவது, கரும்பு ஓட்டம் முடிந்து கோடை மழைக்கு முன். டீசல் ஃபில்டர், ஏர் கிளீனர், ரேடியேட்டர், கிளட்ச், ஹைட்ராலிக் ஆயில் ஆகியவற்றை அப்போது பாருங்கள். எல்லோருக்கும் வேலை இருக்கும் நாளில் மெக்கானிக் கிடைக்க மாட்டார். யாருக்கும் வேலை இல்லாத நாளில் நிதானமாக வேலை செய்து கொடுப்பார்.

ஹோஸ் ஒன்று, செம்பு வாஷர் பத்து, ஃபேன் பெல்ட் ஒன்று, டீசல் ஃபில்டர் ஒரு ஜோடி, ஃபியூஸ், ஒரு லிட்டர் ஆயில் இவற்றை எப்போதும் வீட்டில் வைத்திருங்கள். மலையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். நூறு ரூபாய் பாகத்துக்காகக் கள்ளக்குறிச்சிவரை இறங்கி ஏறும் ஒரு நாள் மிச்சமாகும்.

வைத்திருப்பதா, விற்பதா?

இப்போது அப்பா–மகன் வழக்குக்கு வருவோம். ஓராண்டு நோட்டை எடுத்து வையுங்கள். ஒரு கணக்குக்கு, அந்த ஆண்டில் நீங்கள் ஊற்றிய டீசல் 840 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு மூன்றரை லிட்டர் என்றால் வண்டி 240 மணி நேரம் ஓடியிருக்கிறது. பழுதுச் செலவு 48,000 ரூபாய் என்றால் மணிக்கு 200 ரூபாய். வண்டி நின்ற நாள்களில் வெளி வண்டிக்குக் கொடுத்த வாடகை 12,000 ரூபாய் என்றால் அதையும் சேருங்கள்; மணிக்கு 250 ரூபாய் ஆகிறது. இதோடு டீசல், ஆயில், ஓட்டுநர் கூலி எல்லாவற்றையும் கூட்டி, உங்கள் ஊரில் மணிக்கு என்ன வாடகை வாங்குகிறார்களோ அதோடு ஒப்பிடுங்கள்.

உங்கள் செலவு வாடகையைவிடக் குறைவாக இருந்தால் அப்பா சொல்வது சரி. இரண்டு ஆண்டு தொடர்ந்து வாடகையைத் தாண்டினால் மகன் சொல்வதைக் கேட்க வேண்டும்.

ஆனால் விற்றுவிட்டுப் புது வண்டி வாங்குவது மட்டுமே அடுத்த வழி என்று நினைக்க வேண்டாம். 7 லட்சம் ரூபாய் கடன், 10 சதவீத வட்டி என்று வைத்தால் முதல் ஆண்டு வட்டி மட்டுமே 70,000 ரூபாயை நெருங்கும். அசல் தனி. ஆண்டுக்கு 240 மணி நேரம் ஓடும் வீட்டுக்கு இந்தப் பாரம் தேவையா? பழைய வண்டியை இலகுவான வேலைகளுக்கு வைத்துக்கொண்டு, ஆழ உழவு, ரோட்டவேட்டர் போன்ற பாரமான வேலைகளை வாடகை வண்டிக்கு விடுவது பல குடும்பங்களுக்குப் பொருத்தமாக இருக்கும். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களையும் கருவிகளையும் வாடகைக்குக் கொடுக்கிறது. துறை அலுவலகத்திலோ உழவன் செயலியிலோ முன்கூட்டியே பதிவு செய்யலாம். மழை பெய்த மறுநாள் எல்லோரும் பதிவு செய்வார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

சில நிலைகளில் கணக்குப் பார்க்கத் தேவையே இல்லை. என்ஜின் பிளாக்கோ கியர்பாக்ஸ் கூடோ விரிசல் விட்டு ஒட்டுப்போட்டு ஓடுகிறது, பிரேக் பாகங்கள் சந்தையில் கிடைக்கவில்லை, ஸ்டீயரிங் ஆட்டத்தைச் சரிசெய்ய முடியவில்லை என்றால் அந்த வண்டியை ரோட்டில் ஏற்றக் கூடாது. எத்தனை ஆண்டுப் பாசம் இருந்தாலும் விடைகொடுத்துவிடுங்கள்.

ஆர்.சி. புத்தகத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். விவசாய டிராக்டருக்குப் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். ‘பத்து வருஷம் ஆனா கவர்மென்ட்டே எடுத்து உடைச்சிடும்’ என்று ஊரில் யாராவது சொன்னால் நம்பி அவசரத்தில் விற்றுவிடாதீர்கள். பத்து ஆண்டு டீசல் வண்டிக் கட்டுப்பாடு என்று கேள்விப்படுவது டெல்லி வட்டாரத்துக்கானது. பதிவும் இன்சூரன்ஸும் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. விபத்து என்று வரும்போது அந்த இரண்டு காகிதம்தான் குடும்பத்தைக் காப்பாற்றும்.

நாளைக் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஆயில் குச்சி, ரேடியேட்டர் தண்ணீர், ஏர் கிளீனர், ஃபேன் பெல்ட், பேட்டரி டெர்மினல், டயர், பிரேக் ஆகிய ஏழையும் பார்த்துவிட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் தேதியைப் போடுங்கள். அடுத்த கோடை மழையின்போது வண்டி ஏன் நின்றது என்று தேட வேண்டியிருக்காது. நின்றாலும், எங்கே பார்க்க வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லும்.